மாநாட்டில் மிச்சமான காசு

ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் தவறாமல் போடும் ஒரு அடைமொழி "கணிதத்துக்கான நோபல்". 2014ல் மஞ்சுள் பார்கவா, 2018ல் அக்ஷய் வெங்கடேஷ் என்று இந்திய வம்சாவளிப் பெயர்கள் வந்தபோது நாமும் அதைப் பலமுறை படித்திருப்போம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, 40 வயதைத் தாண்டாத கணிதவியலாளர்களுக்குக் கொடுக்கப்படுவது. கூடவே ஒரு பணமுடிப்பும் உண்டு: 15,000 கனடா டாலர். நோபலோடு ஒப்பிட்டால் இது டீச் செலவு.

எனக்கு உறுத்தியது தொகை இல்லை, நாணயம்தான். உலகம் முழுக்கச் சுற்றும் ஒரு பரிசு, ஏன் கனடா டாலரில்? அமெரிக்க டாலரும் இல்லை, சுவிஸ் பிராங்கும் இல்லை. இதைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் நாம் வந்து நிற்பது 1924ல் டொரொன்டோவில் நடந்த ஒரு மாநாட்டின் வரவு செலவுக் கணக்கில். எல்லாச் செலவும் போக மிச்சம் சுமார் 2,700 டாலர். அந்த மிச்சத்தில் முளைத்ததுதான் இந்தப் பதக்கம்.

(நோபலின் மனைவியோடு ஒரு கணிதவியலாளருக்குத் தொடர்பு இருந்ததால்தான் கணிதத்துக்கு நோபல் இல்லை என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நோபலுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதோடு அந்தக் கதையை மூடிவிடலாம்.)

அந்த மாநாடு டொரொன்டோவுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. அது எப்படி அங்கே போனது என்பதுதான் சுவாரசியமான பகுதி.

சர்வதேசக் கணித மாநாடு 1897ல் சூரிச்சில் தொடங்கியது. பிறகு பாரிஸ், ஹைடெல்பெர்க், ரோம், கேம்பிரிட்ஜ் என்று பெரும்பாலும் நான்கு வருஷ இடைவெளியில் நடந்துவந்தது. அடுத்தது 1916ல் ஸ்டாக்ஹோமில் நடக்க வேண்டியது. முதல் உலகப் போர் வந்து கெடுத்துவிட்டது. போர் முடிந்ததும், ஜெயித்த நாடுகளின் விஞ்ஞானக் கழகங்கள் 1919ல் பிரஸ்ஸல்ஸில் கூடி, சர்வதேச ஆராய்ச்சிக் கவுன்சில் என்று ஒன்றை ஆரம்பித்தன. அதன் விதிப்படி ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா ஆகிய நான்கு நாடுகளுக்கும் உறுப்பினர் இடம் கிடையாது. அந்தக் கவுன்சிலின் கீழ் 1920ல் சர்வதேசக் கணித ஒன்றியம் பிறந்தது. தாய் அமைப்பின் தடை அப்படியே பிள்ளைக்கும் வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதிதான்: மேலே ஒரு கிளாஸில் எவனோ எழுதிய ஒரு நிபந்தனை, கீழே இருக்கும் எல்லாவற்றையும் கட்டிப்போடும்.

அதே 1920ல் மாநாட்டை ஸ்ட்ராஸ்பூர்கில் வைத்தார்கள். 1871லிருந்து ஜெர்மனியிடம் இருந்து, போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பி வந்த ஊர். ஊரைத் தேர்ந்தெடுத்ததிலேயே செய்தி இருக்கிறது. 1912 கேம்பிரிட்ஜ் மாநாட்டுக்கு 570க்கு மேல் வந்திருந்தார்கள், ஸ்ட்ராஸ்பூர்குக்கு வந்தது 200 பேர். ஹில்பெர்ட் இல்லாமல், கோட்டிங்கன் இல்லாமல், பெர்லின் இல்லாமல் ஒரு "சர்வதேச" கணித மாநாடு! இசைக் கச்சேரிக்கு மிருதங்கமும் வயலினும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு சபா நடத்துவது மாதிரி.

ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள், அடுத்த மாநாட்டை 1924ல் நியூயார்க்கில் நடத்தலாம் என்று அழைத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய மூத்த அமெரிக்கக் கணிதவியலாளர்களில் பலர் ஜெர்மனியில் படித்தவர்கள். தங்கள் ஆசிரியர்களை வாசலில் நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே விருந்து வைக்க மாட்டோம் என்ற மனநிலை. 1922ல் அழைப்பு வாபஸ் ஆனது. இரண்டு வருஷம்தான் பாக்கி. மாநாட்டுக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை, காசும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஜான் சார்ல்ஸ் ஃபீல்ட்ஸ் நுழைகிறார். 1863ல் ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டனில் பிறந்தவர். டொரொன்டோவில் பட்டம், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம், அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பல வருஷம். பாரிஸ், பெர்லின் என்று போய் அங்கிருந்த பெரிய ஆட்களிடம் எல்லாம் பாடம் கேட்டவர். 1902ல் டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இயற்கணிதச் சார்புகளில் அவர் வேலை செய்தார். நல்ல வேலை, ஆனால் அதற்காக இன்று யாரும் அவரை நினைப்பதில்லை.

அவருடைய உண்மையான திறமை வேறு: அரசாங்கத்திடம் போய் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது. அதுவும் கூசாமல், திரும்பத் திரும்பக் கேட்பது. ஒன்டாரியோ சட்டமன்றத்தை விடாமல் நச்சரித்து டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு வருஷத்துக்கு 75,000 டாலர் ஆராய்ச்சி மானியம் வாங்கிக் கொடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் உருவானதிலும் உண்டு. 1919லிருந்து 1925 வரை ராயல் கனேடியன் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் தலைவராக இருந்தார். அமைச்சர்கள், வியாபாரிகள், பல்கலைக்கழக ஆட்கள் எல்லாரையும் தெரியும். மாநாடு நடத்துகிறவனுக்கு வேண்டிய முதலீடு இந்த அறிமுகம்தான். தேற்றம் எல்லாம் பேச வருகிறவர்கள் கொண்டுவருவார்கள்.

நியூயார்க் இல்லை என்று ஆனதும் ஃபீல்ட்ஸ், டொரொன்டோவில் நான் நடத்துகிறேன் என்றார். கனடா மத்திய அரசிடமும் ஒன்டாரியோ மாகாண அரசிடமும் பணம் வாங்கினார். நேரில் ஐரோப்பாவுக்குப் போய் ஊர் ஊராக ஆள் திரட்டினார்.

மாநாட்டுக் கணக்கு எப்படி ஓடும் என்று கொஞ்சம் பார்க்கலாம், அப்போதுதான் அவர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். வரவு மூன்று வழி: கலந்துகொள்பவர்களின் பதிவுக் கட்டணம், அரசு மானியம், தனியார் நன்கொடை. செலவில் அரங்கம், சாப்பாடு, அச்சு எல்லாம் ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போடக்கூடியவை. கணக்குக்குள் அடங்காமல் அலைக்கழிப்பது பேச வருபவர்களின் பயணச் செலவு. பெரிய பெயர்கள் வந்தால்தான் மற்றவர்கள் பதிவு செய்வார்கள். மற்றவர்கள் பதிவு செய்தால்தான் காசு வரும். காசு இருந்தால்தான் பெரிய பெயர்களுக்குக் கப்பல் டிக்கெட் போட முடியும். முட்டையா கோழியா கதை. இந்த வட்டத்தை யாராவது ஒருவர் முன்பணத்தோடு உடைக்க வேண்டும். பொதுவாக அது அரசாங்கம். ஆனால் அரசுப் பணம் உறுதிமொழியாகச் சீக்கிரம் வரும், காசோலையாக நிதானமாக வரும். நடுவில் இருக்கும் மாதங்களில் அமைப்பாளரின் தலைமுடி நரைக்கும்.

1924ல் இது இன்னும் மோசம். போருக்குப் பிறகு ஐரோப்பிய நாணயங்கள் பல சரிந்து கிடந்தன. ஒரு பிரெஞ்சுப் பேராசிரியரின் சம்பளத்தில் அட்லாண்டிக் தாண்டிப் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை.

ஃபீல்ட்ஸ் பிடித்த ஒரு நல்ல சந்தர்ப்பம், அதே ஆகஸ்ட் மாதம் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டமும் டொரொன்டோவில் நடந்தது. ஒரே கப்பல் பயணத்தில் இரண்டு கூட்டம். அந்த பிரிட்டிஷ் கூட்டத்துக்கு வந்தவர்களில் நம்ம ஆள் ஒருவரும் உண்டு: திருச்சியில் பிறந்து அப்போது கல்கத்தாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறல் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தார். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட இன்னும் நாலு வருஷம் இருந்தது.

கணித மாநாடு 1924 ஆகஸ்ட் 11லிருந்து 16 வரை நடந்தது. 444 பேர் பதிவு செய்திருந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டம் முடிந்ததும் ரயிலில் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கரை வரை ஒரு சுற்றுலா வேறு. கனடாவைக் கண்ணில் காட்டி அனுப்ப வேண்டும் என்று ஃபீல்ட்ஸுக்கு ஆசை. பணம் கொடுத்த அரசுகளுக்கும் அதில் லாபம் இருந்திருக்கும்.

ஆனால் ஜெர்மானியர்கள் வரவில்லை. வர முடியாது. மாநாடு ஒன்றியத்தின் பெயரில் நடந்தது, அதனால் ஒன்றியத்தின் விதிதான் செல்லும்.

இங்கே ஒரு தர்மசங்கடமான கேள்வி இருக்கிறது. அமெரிக்கர்கள் கொள்கைக்காக விட்டுக்கொடுத்த மாநாட்டை ஃபீல்ட்ஸ் எடுத்து நடத்தினாரே, அது சரியா? இங்கிலாந்தில் ஜி.எச். ஹார்டி (ராமானுஜனின் ஹார்டிதான்) இந்தத் தடையை ஆரம்பத்திலிருந்தே வெளிப்படையாக எதிர்த்தவர். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் டொரொன்டோ ஒரு சமரசம். ஃபீல்ட்ஸ் பெர்லினில் படித்தவர், அங்கே அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். விலக்கிவைப்பதில் அவருக்கு உடன்பாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. பின்னால் அவர் எழுதிய குறிப்பைப் பார்த்தால் அது தெளிவாகவே தெரியும். ஆனாலும் நடத்தினார்.

நான் ஃபீல்ட்ஸ் பக்கம்தான் நிற்பேன். காரணம், டொரொன்டோவில் நடந்த இன்னொரு விஷயம். மாநாட்டின்போது ஒன்றியத்தின் பொதுக்கூட்டமும் அங்கே கூடியது. அதில் அமெரிக்கப் பிரதிநிதிகள், உறுப்பினர் தடையை நீக்கும்படி ஆராய்ச்சிக் கவுன்சிலைக் கேட்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை கொண்டுவந்தார்கள். இத்தாலி, ஹாலந்து, ஸ்வீடன், டென்மார்க், நார்வே, பிரிட்டன் எல்லாம் ஆதரித்தன. கூட்டமே நடக்காமல் போயிருந்தால் இந்தக் கோரிக்கையை வைக்க ஒரு அறையும் இருந்திருக்காது. 1926ல் கவுன்சில் தடையை எடுத்துவிட்டது. டொரொன்டோவால்தான் எடுத்தார்கள் என்று சொன்னால் அது மிகை. ஐரோப்பிய அரசியலே அதற்குள் மாறியிருந்தது. ஆனால் எதிர்ப்பு அதிகாரபூர்வமாகக் காகிதத்தில் ஏறிய இடங்களில் டொரொன்டோவும் ஒன்று.

தடை போயும் சிக்கல் தீரவில்லை. ஜெர்மானியர்களுக்குக் கோபம் போகவில்லை, ஒன்றியத்தில் சேரவும் இல்லை. 1928 மாநாடு இத்தாலியின் போலோன்யாவில். நடத்தியவர் சால்வடோரே பிங்கர்லே. அவர்தான் அப்போது ஒன்றியத்தின் தலைவரும்கூட. ஒன்றியத்தின் பெயரில் அழைத்தால் ஜெர்மனி வராது. ஜெர்மனியை அழைத்தால் பிரெஞ்சுக்காரர்களில் ஒரு பகுதி கொதிக்கும். எமில் பிக்கார் கடுமையாக எதிர்த்தார். பிங்கர்லே என்ன செய்தார் தெரியுமா? அழைப்பிதழை ஒன்றியத்தின் பெயரில் அனுப்பவில்லை. போலோன்யா பல்கலைக்கழகத்தின் பெயரில், எல்லா நாட்டவர்க்கும் அனுப்பினார். அவ்வளவுதான். விதியைத் திருத்த ஓட்டெடுப்பு நடத்தி, குழு போட்டு, அறிக்கை வாங்கி என்று காத்திருக்காமல், விதி பொருந்தாத ஒரு கைக்கு மாநாட்டை மாற்றிவிட்டார். அழைக்கிறவர் பல்கலைக்கழகம் என்றால் ஒன்றியத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சர்க்கார் ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்ட தலைமை எழுத்தர்தான் இப்படி யோசிப்பார். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜெர்மனியிலேயே பீபர்பாக் போன்றவர்கள் போகக்கூடாது என்று பிரசாரம் செய்தார்கள், ஹாலந்திலிருந்து பிரௌவர் அதற்குத் துணை. ஹில்பெர்ட் அதை மதிக்காமல், உடல்நலம் சரியில்லாத நிலையிலும் ஒரு குழுவைத் தலைமை தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார். மொத்தம் 836 பேர் கலந்துகொண்டார்கள். மாநாடு முடிந்ததும் பிங்கர்லே ஒன்றியத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். ஒன்றியமும் 1932ல் கலைந்துபோனது. இன்று இருக்கும் ஒன்றியம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியது.

ஃபீல்ட்ஸ் இந்தக் காலமெல்லாம் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார்: டொரொன்டோவில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து அச்சிடுவது. மாநாடு நடத்தியவர்களுக்குத் தெரியும், கடைசி விருந்தாளி ரயில் ஏறிய பிறகும் பாதி வேலை பாக்கி இருக்கும். கட்டுரை தராதவர்களுக்கு நினைவூட்டல், சூத்திரங்களுக்கு மெய்ப்புத் திருத்தம், கடல் கடந்து போய்வரும் தபால். இரண்டு பெரிய தொகுதிகள் 1928ல்தான் வெளிவந்தன. நாலு வருஷம். உடம்பு அதில் கெட்டது என்று சொல்வார்கள்.

அச்சுச் செலவும் போய்க் கணக்கை முடித்தபோதுதான் அந்த 2,700 டாலர் மிஞ்சியது. சாதாரணமாக இப்படி மிஞ்சினால் என்ன ஆகும்? பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் கரைந்துவிடும், இல்லையென்றால் குழுவுக்கு ஒரு நல்ல விருந்து. 1931 பிப்ரவரியில் டொரொன்டோ குழு கூடி அதில் 2,500 டாலரை இரண்டு பதக்கங்களுக்காக ஒதுக்கியது. ஒவ்வொரு சர்வதேச மாநாட்டிலும் இரண்டு பதக்கம், தங்கத்தில்.

1932 ஜனவரியில் ஃபீல்ட்ஸ் இதற்கு ஒரு குறிப்பு எழுதினார். அதில் அவர் சொல்லும் விஷயங்களில் ஒன்று: பதக்கம் முடிந்தவரை சர்வதேசத் தன்மையோடு, யாருடைய சாயலும் இல்லாமல் இருக்க வேண்டும். எந்த நாட்டின் பெயரும், நிறுவனத்தின் பெயரும், மனிதரின் பெயரும் அதோடு ஒட்டியிருக்கக் கூடாது. நான்கு நாட்டவரை வாசலில் நிறுத்தி வைத்த மாநாட்டின் மிச்சப் பணத்தில் இப்படி ஒரு நிபந்தனை. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கணிதச் சங்கங்களிடம் ஆதரவும் வாங்கி வைத்திருந்தார். இன்னொன்றும் சொன்னார். செய்த வேலைக்குப் பாராட்டாக மட்டும் இல்லாமல், இனிமேல் செய்யப்போவதற்கு ஊக்கமாகவும் பதக்கம் இருக்க வேண்டும் என்று. 40 வயது வரம்பு என்பதை அவர் எழுதவே இல்லை. அது 1966ல் சேர்ந்த விதி.

அந்த வருஷம் செப்டம்பரில் சூரிச் மாநாட்டில் இந்த யோசனை வைக்கப்பட இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 9ஆம் தேதி ஃபீல்ட்ஸ் இறந்துபோனார். உயிலில் பதக்க நிதிக்காக 47,000 டாலர் எழுதி வைத்திருந்தார். சூரிச் மாநாடு யோசனையை ஏற்றுக்கொண்டது. மனிதரின் பெயர் வேண்டாம் என்று சொன்னவரின் பெயரையே எல்லாரும் அதற்கு வைத்துவிட்டார்கள்.

வடிவமைத்தவர் கனடியச் சிற்பி ராபர்ட் டெய்ட் மெக்கன்ஸி. ஒரு பக்கம் ஆர்க்கிமிடீஸ் முகம். 1933 என்ற வருஷத்தை ரோமன் எண்ணில் பொறிக்கும்போது 'எம்' வர வேண்டிய இடத்தில் ஒரு 'என்' விழுந்துவிட்டது. உலகின் தலைசிறந்த கணிதவியலாளர்கள் வாங்கிக்கொண்டு போகும் பதக்கத்தில் எண்ணே தப்பு. புரொடக்‌ஷனுக்குப் போன பக்.

1936ல் ஆஸ்லோவில் முதல் இரண்டு பதக்கங்களை வாங்கியவர்கள் பின்லாந்தின் லார்ஸ் ஆல்ஃபோர்ஸும் அமெரிக்காவின் ஜெஸ்ஸி டக்ளஸும். 1944ல் ஆல்ஃபோர்ஸ் போரிலிருந்து தப்பித்து ஸ்வீடன் வழியாக சுவிட்சர்லாந்து போக வேண்டியிருந்தது. கையில் 10 கிரௌனுக்கு மேல் எடுத்துப்போக அனுமதி இல்லை. பதக்கத்தை ஒளித்து எடுத்துப்போய் அடகு வைத்துதான் பயணத்தைத் தொடர்ந்தார். பிறகு மீட்டுக்கொண்டார். பயணப்படி தேடி அலைந்த ஃபீல்ட்ஸின் பதக்கம் அதே வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தியது. 1940ல் நடக்க வேண்டிய அமெரிக்க மாநாடு 1950ல்தான் ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜில் நடந்தது. இந்த முறை அமைப்பாளர்கள் எல்லா நாட்டவரும் வரலாம் என்று அறிவித்தார்கள். பழைய தடை இல்லை. ஆனால் 'வரலாம்' என்று சொல்வது அமைப்பாளர், 'வா' என்று சொல்வது குடியேற்ற அதிகாரி.

அந்த வருஷம் பதக்கம் பெறப்போகிறவர்களில் ஒருவர் பிரான்சின் லொரான் ஷ்வார்ட்ஸ். இளமையில் ட்ராட்ஸ்கியவாதி. அமெரிக்காவில் அது மெக்கார்த்தி பேச ஆரம்பித்திருந்த வருஷம். விசா கிடைக்கவில்லை. கூடவே ழாக் ஹடமார்டுக்கும் இழுபறி. அவருக்கு வயது 84. பகா எண் தேற்றத்தை நிரூபித்த இருவரில் ஒருவர், அவரால் அமெரிக்காவின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஒரு கோப்பு நினைத்திருக்கிறது. இவர்கள் இருவரும் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பிடிவாதமாக நின்றார்கள். மாநாட்டின் செயலாளர் ஜே.ஆர். க்ளைன் வாஷிங்டனில் கடிதத்துக்கு மேல் கடிதமாகப் போராடினார். கடைசி நேரத்தில் விசா வந்தது, இருவரும் போனார்கள், ஷ்வார்ட்ஸ் கையில் பதக்கம் வாங்கினார். சோவியத் யூனியனிலிருந்து யாரும் வரவில்லை. அங்கிருந்து அறிவியல் கழகத் தலைவர் வவீலோவ் அனுப்பிய தந்தி ஒன்று வந்தது: எங்கள் கணிதவியலாளர்கள் அன்றாட வேலையில் மும்முரமாக இருப்பதால் வர இயலவில்லை, மன்னிக்கவும் என்ற ரீதியில். அதிகாரபூர்வச் சாக்குகளுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்தால் இந்தத் தந்தியை முன்வரிசையில் வைக்கலாம்.

பின்னால் 1970ல் நோவிகோவையும் 1978ல் மர்குலிஸையும் பதக்கம் வாங்கப் போகவே சோவியத் அரசு விடவில்லை. அதாவது தடை ஒரு வாசலில் இல்லை, இரண்டு வாசலில் இருக்கிறது. போகிற ஊர் விசா தர வேண்டும், இருக்கிற ஊர் வெளியே விட வேண்டும்.

நடத்தும் ஊரிலேயே நிலைமை மாறினால்? 1982 மாநாடு வார்சாவில் என்று முடிவாகியிருந்தது. 1981 டிசம்பர் 13ஆம் தேதி போலந்தில் ராணுவச் சட்டம். போகலாமா, போனால் அந்த அரசை அங்கீகரித்தது மாதிரி ஆகுமா, போகாவிட்டால் போலந்துக் கணிதவியலாளர்களைக் கைவிட்டது மாதிரி ஆகுமா என்று ஒரே விவாதம். ரத்து செய்யவில்லை, ஒரு வருஷம் தள்ளி வைத்து 1983 ஆகஸ்டில் நடத்தினார்கள். பதக்கம் பெற்றவர்களின் பெயர்களை மட்டும் 1982லேயே அறிவித்துவிட்டார்கள். 2022ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாநாட்டுக்குத் தள்ளி வைக்கும் வாய்ப்பும் இருக்கவில்லை. பிப்ரவரி 24 ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஒன்றியம் இரண்டே நாளில் மாநாடு முழுக்க இணையவழிதான் என்று அறிவித்தது. ரஷ்ய அரசின் பணம் இனி இதில் வராது என்றும் சொன்னார்கள். பொதுக்கூட்டமும் பதக்க விழாவும் ஹெல்சிங்கிக்குப் போயின. அங்கே பதக்கம் வாங்கிய நால்வரில் ஒருவர் மரீனா வியாசோவ்ஸ்கா, உக்ரைனில் பிறந்தவர்.

இந்தியாவில் எப்படி? சர்வதேச மாநாடு என்று போட்டால், வெளிநாட்டவர் வருவதற்கு மாநாட்டு விசா என்று தனி வகை உண்டு. அதற்கு அமைப்பாளர் முதலில் தன் துறை அமைச்சகத்தின் சம்மதத்தைப் பெற வேண்டும், வெளியுறவு அமைச்சகத்திடம் அரசியல் அனுமதி வாங்க வேண்டும், உள்துறை அமைச்சகத்திடமும் போக வேண்டும். பாகிஸ்தான் மாதிரி சில நாடுகளிலிருந்து வருபவர்களுக்குத் தனியாகப் பாதுகாப்புச் சோதனை. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதென்றால் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல முடியும். சிக்கல் என்னவென்றால் இவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முதல் கையெழுத்து தாமதமானால் அடுத்தது தொடங்கவே தொடங்காது.

சில வருஷம் முன்பு ஒரு சிறிய பட்டறைக்குப் பதிவுப் பக்கம் எழுதிக் கொடுத்து உதவியிருக்கிறேன். பேச வேண்டிய ஒருவருக்கு விசா, பட்டறை முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தது. அவருடைய பெயர் அட்டை, கயிறு கோத்தபடி, அந்தப் பேராசிரியரின் மேஜை இழுப்பறையில் ரொம்ப நாள் கிடந்தது.

2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. இணையவழி சர்வதேசக் கருத்தரங்குகளுக்கும் முன் அனுமதி வேண்டும், எல்லை, பாதுகாப்பு, இந்தியாவின் உள்விவகாரம் தொடர்பான தலைப்புகள் கூடாது என்று ஒரு உத்தரவு. விசாவே தேவைப்படாத கூட்டத்துக்கு விசாவின் நிழல். அறிவியல் கழகங்கள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தன. பிப்ரவரி இறுதியில் உத்தரவு வாபஸ் ஆனது.

இந்த எல்லா வாசல்களையும் தாண்டி 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் சர்வதேசக் கணித மாநாடு நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை, சுமார் 3,000 பேர் வந்தார்கள். பதக்கங்களைக் கொடுத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல். அந்த வாரத்தில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருவதாக இருந்தது. கோப்பு டெல்லியில் நின்றுவிட்டது. ஆனந்த் ஸ்பெயினில் வசிக்கிறாரே, இந்தியக் குடிமகன்தானா என்று அமைச்சகத்துக்குச் சந்தேகம். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், அனுப்பியும் பட்டம் அன்று வரவில்லை. செய்தி வெளியே வந்ததும் அமைச்சர் கபில் சிபல் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்.

பட்டம் இல்லாவிட்டாலும் ஆனந்த் வந்து, மாநாட்டில் ஒரே நேரத்தில் 40 பேரோடு செஸ் ஆடினார். எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் கணிதவியலாளர்கள். 39 ஆட்டம் அவருக்கு. ஒரு 14 வயதுப் பையன் மட்டும் டிரா செய்தான்.